வெளியிடும் பொத்தானை அழுத்தியவர் யார்? இணையச் செய்தித் தளங்களை நடத்துவோருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ் இணையச் செய்தித் தளங்களின் உரிமையாளர்களுக்கும் ஆசிரியபீடத்தாருக்கும்,

வணக்கம்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து நீங்கள் நடத்தும் தளங்களுக்குத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து செய்தி அனுப்புகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். வடக்கே புல்மோட்டை முதல் தெற்கே வெருகல் வரை 11 பிரதேச செயலகப் பிரிவுகள். அத்தனைக்கும் உங்களுக்கு இருப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். தனித்தனியே கேட்டால் வட்ஸ்அப்பில் நீலச் சரி அடையாளம் விழுகிறதே தவிர பதில் வருவதில்லை. அதனால் எல்லோரும் பார்க்க எழுதுகிறோம்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்வோம், ஆனால் அது பிறகு. முதலில் சொல்ல வேண்டியது இது: உங்கள் தளத்தில் ஒரு செய்தியை வெளியிட்டவர் யார் என்று கேட்டால் உங்களாலேயே சொல்ல முடியாது. செய்தியாளர் அனுப்பிய பிரதி ஒன்று, ஏறிய தலைப்பு இன்னொன்று, படம் எங்கிருந்தோ எடுத்தது. இடையில் எத்தனை கை மாறியது என்பதற்குப் பதிவு கிடையாது. மறுநாள் காலையில் பொலிஸ் நிலையத்திலும் வைத்தியசாலை வாசலிலும் செத்த வீட்டிலும் அதற்குப் பதில் சொல்ல நிற்பவர் மட்டும் ஒருவர்தான். அவர் இந்த ஊரில் குடியிருப்பவர். தலைப்பு வைத்தவருக்கு அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. இந்தத் தொழிலில் எங்களுக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் கிளம்புகின்றன.

உங்கள் செய்தி அறை எது என்று பார்ப்போம். பெரும்பாலான தளங்களுக்கு அது ஒரு வட்ஸ்அப் குழு. செய்தியாளர்கள், பதிவேற்றுகிறவர்கள், படம் வடிவமைப்பவர், உரிமையாளர், உரிமையாளரின் நண்பர்கள், எதற்காக இருக்கிறார் என்று எவருக்கும் தெரியாத ஒருவர், எல்லோரும் அதற்குள். அரசியல்வாதியின் அறிக்கை, பிறந்தநாள் வாழ்த்து, மூதூர் வீதியில் விபத்து, மூன்று வருடத்துக்கு முந்திய காணொளி, ‘இது போட்டாச்சா?’ என்ற கேள்வி எல்லாம் ஒரே வரிசையில் ஓடும். விபத்துச் செய்திக்குக் கீழே நாற்பது பதிவுகள் வந்துவிட்டால் அதை இனி யாரும் மேலே தள்ளித் தேடப்போவதில்லை. அல்லது இரண்டு பேர் எடுத்து, இரண்டு தலைப்பில், இரண்டு தடவை ஏற்றுவார்கள். ஒன்றில் காயமடைந்தவர்கள் மூவர், மற்றதில் ஐவர். இரண்டுமே எங்கள் பிரதியில் இருந்தவைதான்: முதலாவது 7.10க்கு அனுப்பியது, இரண்டாவது 8.25க்குத் திருத்தி அனுப்பியது. திருத்தம் என்று எழுதியும் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

இதைச் சரிசெய்யச் செலவே இல்லை. பிரதி மட்டும் போடுவதற்கு ஒரு குழு வையுங்கள். அதில் வாழ்த்தும் வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். பேச்சுக்கு வேறு குழு இருக்கட்டும். செய்தியை எடுப்பவர் அந்தப் பதிவுக்குப் பதிலாகவே ‘எடுத்தேன்’ என்று தன் பெயருடன் எழுதட்டும். பத்து நிமிடத்துக்குள் எவரும் எடுக்காவிட்டால் அந்த வேளைப் பொறுப்பாளர், அதாவது அந்த நேரத்தில் வெளியிடும் பொறுப்பில் இருப்பவர், செய்தியாளருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து வரும் முதற் குறிப்புக்கும் ஒரு ஒழுங்கு வையுங்கள், நாங்கள் அதன்படி அனுப்புகிறோம்: என்ன நடந்தது, எந்த ஊர், எந்தப் பொலிஸ் பிரிவு, எத்தனை மணிக்கு, யார் சொன்னது, அவருடைய பதவி என்ன, அவர் சொன்ன நேரம் என்ன, இன்னும் உறுதிப்படாதது எது. இந்தக் கடைசி வரி எல்லாவற்றிலும் முக்கியம். இன்று அதுதான் முதலில் வெட்டப்படுகிறது, ஏனென்றால் அது இருந்தால் தலைப்பு ‘எடுபடாது’.

படமும் அப்படித்தான். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போகும். எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து கழன்றுவிடும். அதையே டொக்கியூமென்ட் ஆக இணைத்து அனுப்பினால் கமெராவில் பதிந்த விபரம் அப்படியே வரும், எப்போது எடுத்தது என்று பதிவேற்றுபவர் பார்த்துக்கொள்ளலாம். இதை உங்கள் விதியாக்குங்கள். படம் இல்லாத செய்திக்குக் கூகுளில் தேடி எங்கோ ஒரு வெள்ளத்தை எடுத்துப் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். பழைய படம்தான் வேண்டுமென்றால் ‘கோப்புப் படம்’ என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். அடியில் சின்ன எழுத்தில் எழுதினால் பேஸ்புக்கில் பகிரும்போது அது தெரியாது.

வெள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு வடகீழ்ப் பருவமழைக்கும் அதே கூத்து நடக்கிறது. மழை கூடினால் கந்தளாய்க் குளத்தின் வான்கதவுகளைத் திறப்பார்கள். அணையைக் காப்பாற்றத்தான் திறக்கிறார்கள். எத்தனை கதவுகள், எத்தனை அடி, வினாடிக்கு எவ்வளவு நீர் போகிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தினர் சொல்வார்கள், நாங்களும் அதை அப்படியே எழுதி அனுப்புவோம். தளத்தில் ஏறும் தலைப்பு: ‘கந்தளாய்க் குளம் உடைப்பெடுக்கும் அபாயம்! மக்கள் பதற்றம்!’ 1986 ஏப்ரல் 20 அன்று அந்த அணை உண்மையாகவே உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைக் கண்டவர்கள் இன்னமும் அந்தக் கிராமங்களில் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு அந்தத் தலைப்பைப் பார்த்து யாராவது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்கினால் அது அவர்களுடைய முட்டாள்தனம் அல்ல. தலைப்பு எழுதியவருக்கு வான்கதவு திறப்பதும் அணை உடைவதும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். கேட்டால் முந்த முடியாதாம்.

எண்களின் கதை இன்னும் மோசம். ஓர் அனர்த்தத்தில் எங்களுக்கு எண் வரும் வழிகள் குறைந்தது மூன்று. வைத்தியசாலை, அனுமதிக்கப்பட்டவர்களை எண்ணும். பொலிஸ், தன் பிரிவுக்குள் நடந்ததை மட்டும் எண்ணும். அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் எண் கிராம உத்தியோகத்தரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், பிறகு கொழும்புக்கும் போவதால் வெளியாகும்போதே சில மணி நேரம் பழசாகிவிடும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது, பொருந்த வேண்டியதும் இல்லை. மூதூரிலோ கிண்ணியாவிலோ அனுமதித்த ஒருவரைத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மாற்றினால் அவர் இரண்டு இடத்துக் கணக்கிலும் வருவார். இரண்டையும் கூட்டினால் ஒருவர் இருவராகிவிடுவார். கூட்டுகிறார்கள். 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்ததைப் போன்ற நாட்களில், பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளையைத் தேடிக்கொண்டு தாய் ஒருத்தி கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கும் நேரத்தில், இந்தக் கூட்டல் பிழை என்ன செய்யும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அடிக்கடி வரும் இன்னொரு பிழை, குடும்பங்களின் எண்ணிக்கையை ஆட்களின் எண்ணிக்கையாக எழுதுவது. நிலவர அறிக்கையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிரலில் இருக்கும். ‘பாதிக்கப்பட்டோர்’ ஒரு கணக்கு, ‘பாதுகாப்பான இடங்களில் தங்கியிருப்போர்’ வேறு கணக்கு. முதலாவது எப்போதும் பெரிது, அதனால் தலைப்புக்கு அதையே எடுத்து ‘இடம்பெயர்ந்தனர்’ என்று போடுவார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி வெருகல், சேருவில, மூதூர்ப் பக்கங்களுக்குள் இறங்கிய நாட்களில் மின்சாரமும் இல்லை, தொலைபேசி அலையும் இல்லை. அப்படியான வேளையில் செய்தியாளரால் ஒரு மணிக்கொரு தடவை ‘புதுத் தகவல்’ தர முடியாது. மேலே மனம்பிட்டியில் ஆற்று மட்டம் என்ன என்பதை இணையத்தில் பார்க்கக் கொழும்பில் இருப்பவரால் முடியும். அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். எங்களிடமிருந்து வருவது குறைந்தால் பழைய எண்ணையே நேரத்துடன் விட்டுவையுங்கள். ‘மாலை 4 மணி நிலவரம்’ என்று எழுதிவிட்டால் அது நள்ளிரவிலும் பொய்யாகாது.

நீதிமன்றச் செய்தி வேறு வகை ஆபத்து. நாங்கள் அனுப்புவது: சந்தேகநபர் ஒருவர் கைது செய்யப்பட்டு நீதவான் முன் முற்படுத்தப்பட்டார், விளக்கமறியல் உத்தரவிடப்பட்டது. ஏறுவது: ‘போதைப்பொருள் வியாபாரி சிக்கினார்.’ கைப்பற்றிய பொருள் என்னவென்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வருமுன்னே உங்கள் தளம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் பி அறிக்கை பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுப்பவருக்குச் சந்தேகநபர், எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்), குற்றவாளி என்ற மூன்று நிலைகளுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. அந்த மனிதர் விடுதலையானால் செய்தி போடுவீர்களா? போட்டதாக நினைவில்லை.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடாது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு சொல்கிறது. ‘பெயரை நீக்கிவிட்டோமே’ என்பது அதற்குப் பதில் அல்ல. கிராமம், பாடசாலை, வகுப்பு, வயது, சந்தேகநபருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு ஆகிய ஐந்தில் மூன்று தெரிந்தாலே சேருவிலவிலோ குச்சவெளியிலோ அது எந்த வீடு என்று ஊருக்கே தெரியும். சந்தேகநபர் உறவினர் என்றால் அவருடைய பெயரைப் போடுவதே பிள்ளையின் பெயரைப் போடுவதுதான். செய்தியாளர் இவற்றை விட்டுவிட்டு அனுப்பியிருப்பார். வேறொரு தளத்தில் பார்த்து உங்கள் ஆள் சேர்த்திருப்பார். தற்கொலைச் செய்தியில் முறையைத் தலைப்பில் எழுதாதீர்கள், கடிதத்தைப் படம்பிடித்துப் போடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அடியில் போடுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஊர்ப் பெயர்கள். கன்னியா வேறு, கிண்ணியா வேறு. ஒன்று வெந்நீரூற்று இருக்கும் இடம், மற்றது குடாவுக்கு அப்பால் பாலம் கடந்து போகும் நகரம். ஆங்கிலச் செய்தியைப் பார்த்து எழுதினால் மூதூர் ‘முத்தூர்’ ஆகிறது, நிலாவெளி ‘நிலவேலி’ ஆகிறது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மூன்று சமூகங்கள் வேலி பகிர்ந்து வாழும் மாவட்டம் இது. காணிப் பிரச்சினை, தொல்லியல் எல்லைக் கல், மைதானத்தில் இளைஞர் கைகலப்பு போன்ற செய்திகளில் ஊர்ப் பெயர் மாறினால் சம்பந்தமே இல்லாத ஊருக்குள் அன்றிரவே ஆட்கள் கூடுவார்கள். பிரதேச செயலகப் பிரிவும் பொலிஸ் பிரிவும் ஒன்றல்ல, எல்லைகள் வேறு. ஊர்ப் பெயர்களையும் அவற்றின் பிரிவுகளையும் ஒரே தாளில் எழுதித் தர நாங்கள் தயார். அதைப் பதிவேற்றுபவரின் மேசையில் ஒட்டிவைப்பது உங்கள் வேலை.

இதோடு பாமினியையும் சொல்லிவிடுகிறோம். சில அலுவலகங்களின் அறிக்கைகள் இன்றும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வருகின்றன. யுனிகோட்டுக்கு மாற்றும்போது நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களும் சுருக்கங்களும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். அப்படியே ஏற்றிய செய்திகளை வாசகர்கள் படம்பிடித்துக் கேலி செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வாசிப்பது என்பது வேலையின் பகுதி.

இனித் திருத்தம். பிழை வருவது இயல்பு. எங்கள் பிரதியிலும் வரும். அதன் பிறகு நடப்பதுதான் கொடுமை. ‘அண்ணா, அந்தச் செய்தி பிழை, மாத்துங்கோ’ என்று எழுதினால் இரண்டில் ஒன்று நடக்கும்: ஒன்றுமே நடக்காது, அல்லது சத்தமில்லாமல் அழித்துவிடுவார்கள். அழித்தால் போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். போகவில்லை. பேஸ்புக் அந்த இணைப்பின் தலைப்பையும் படத்தையும் தன்னிடம் சேமித்து வைத்திருக்கிறது. பகிரப்பட்ட இடங்களிலெல்லாம் பழைய தலைப்பே நிற்கும், தட்டினால் ‘பக்கம் இல்லை’ என்று வரும். அதைக் கண்டவர் ‘அழுத்தத்தால் நீக்கிவிட்டார்கள், அப்போ உண்மைதான்’ என்ற முடிவுக்கு வருவார். வட்ஸ்அப்பில் அனுப்பிய முன்தோற்றம் அனுப்பிய கணத்தில் உருவானது, அது என்றைக்கும் மாறாது. கைப்பேசிக்குப் போன புஷ் அறிவித்தலைத் திரும்பப் பெற முடியாது. தளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தலைப்பை மாற்றினாலும் இணைப்பு முகவரியில் பழைய தலைப்பின் சொற்கள் அப்படியே இருக்கும், ஏனென்றால் முகவரி முதலில் வெளியிட்டபோது உறைந்துவிட்டது.

ஆகவே செய்ய வேண்டியது இந்த வரிசையில். பக்கத்தை அழிக்காதீர்கள். பிழையான பகுதியை நீக்கி, செய்தியின் தலையில், முதற் பந்திக்கு மேலே, எதைப் பிழையாக எழுதினோம், சரி எது, எத்தனை மணிக்குத் திருத்தினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். முகவரியிலேயே பிழை இருந்தால் அதை மாற்றுங்கள். பழைய முகவரிக்கு வருகிறவரை வேர்ட்பிரஸ் வழமையாகப் புதியதற்குக் கொண்டுபோய் விடும். பிறகு பேஸ்புக்கின் ஷேரிங் டிபக்கர் பக்கத்தில் அந்த இணைப்பை இட்டு மீண்டும் படிக்கச் சொல்லுங்கள், தலைப்பும் படமும் புதுப்பிக்கப்படும். கூகுள் சேர்ச் கொன்சோலில் அதே முகவரியை மறுபடி அட்டவணைப்படுத்தக் கோருங்கள். பிழையைப் புஷ் அறிவித்தலாக அனுப்பியிருந்தால் திருத்தத்தையும் புஷ் அறிவித்தலாக அனுப்புங்கள். பழகியவருக்கு எல்லாம் சேர்த்துக் கால் மணி நேர வேலை. ஒரு முற்காப்பும் உண்டு: முகவரிக்குத் தலைப்பை விடாமல் ஊர்ப் பெயரும் திகதியும் மட்டும் வைத்தால் பிற்பாடு மாற்ற வேண்டியதே வராது.

அழித்துவிட்டால் இன்னொரு தீங்கும் உண்டு. உங்களிடமிருந்து நகலெடுத்த மற்றத் தளங்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது. நீங்கள் அவர்களிடமிருந்து எடுக்கும்போதும் அப்படித்தான். பிரதி மட்டும் வருவதில்லை, பிழையும் சேர்ந்தே வருகிறது. எங்கள் படத்தின் மேல் உங்கள் இலச்சினை, அதன் மேல் அவர்களுடைய இலச்சினை என்று அடுக்கடுக்காக வரும் படங்களைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்லாமல் விடுகிறோம்.

யார் வெளியிட்டார் என்பதைக் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் மர்மம் எதுவும் இல்லை. பல தளங்களில் எல்லோரும் ஒரே பயனர் பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும் நுழைகிறார்கள். வேலையை விட்டுப் போனவரிடமும் அந்தக் கடவுச்சொல் இருக்கிறது. வேர்ட்பிரஸில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் திறப்பது இலவசம். செய்தியாளருக்கும் புதிதாக வந்தவருக்கும் ‘கொன்ரிபியூட்டர்’ நிலை கொடுங்கள்: எழுதலாம், வெளியிட முடியாது. அது ‘மீளாய்வுக்குக் காத்திருக்கிறது’ என்ற வரிசையில் நிற்கும். ‘எடிட்டர்’ நிலை வேளைப் பொறுப்பாளருக்கு மட்டும். நிர்வாகிக் கணக்கு இருவரிடம் போதும், அவர்களும் அன்றாட வேலைக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. திருத்தப் பதிவுகளை நிறுத்தி வைக்காவிட்டால், எந்தக் கணக்கிலிருந்து எந்த நேரத்தில் எந்தச் சொல் மாறியது என்று ஒரு தட்டலில் பார்க்கலாம். இடம் மிச்சம்பிடிக்க அதை நிறுத்தியிருந்தால் உடனே திறந்துவிடுங்கள். செய்தியாளரின் பெயரைத் தலைப்பின் கீழ் போட வேண்டுமா, வேண்டாமா என்று ஒவ்வொரு செய்திக்கும் அவரையே கேளுங்கள். தலைப்பை மாற்றினால் வெளியிடுமுன் அவருக்குக் காட்டுங்கள். காட்ட நேரமில்லை என்றால் அவருடைய பெயரை எடுத்துவிடுங்கள்.

ஏன் இப்படியெல்லாம் அவசரம்? விளம்பர வருமானம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் இருந்து பார்ப்பவரின் ஒரு பார்வைக்குக் கிடைக்கும் காசு இலங்கையில் இருந்து பார்ப்பவரின் பார்வைக்குக் கிடைப்பதில்லை. அதனால் அங்கே விடியும் நேரம் பார்த்து, அங்கே பதற வைக்கும் தலைப்போடு, இங்கத்தைய செய்தி ஏறுகிறது. இது எங்களுக்கும் தெரியும். வருமானம் இல்லாமல் தளம் ஓடாது என்பதும் தெரியும். ஆனால் செய்தியாளருக்கு நாளுக்கு இத்தனை செய்தி என்று இலக்கு வைப்பதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுச் செய்தி என்றால், எட்டு மணி நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். போய் வருவது, இருவரிடம் கேட்பது, எழுதுவது எல்லாம் அதற்குள். முடியாது. ஆகவே அறிக்கைகளே செய்தியாகின்றன. ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் யார் யாரைத் திட்டினார் என்பது வரும். அங்கே எந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது வராது.

திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளையே எடுங்கள். 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்பாடுகளின்படி 99 தாங்கிகளில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசியிடம், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம். ஆனாலும் ‘தாங்கிகள் விற்பனை’ என்ற தலைப்பு ஓய்ந்தபாடில்லை. அந்த 61இல் இன்று எத்தனை பழுதுபார்க்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். தகவல் அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாட்கள், தருவதாக முடிவெடுத்தால் அதன் பின் 14 நாட்கள், நீடிப்புக் கேட்டால் மேலும் 21 நாட்கள் வரை, மறுத்தால் மேன்முறையீடு. புல்மோட்டைக் கனிய மணலும், மகாவலியில் மணல் அகழ்வு அனுமதிகளும் இதே வகைச் செய்திகள். நாளுக்கு எட்டு என்று எண்ணுகிற தளத்தில் இரண்டு மாதத்துக்கு ஒன்று வரும் செய்திக்கு இடமில்லை. மாதத்தில் நான்கு நாட்களை இலக்கிலிருந்து விலக்கி விடுங்கள், என்ன வருகிறது என்று பாருங்கள்.

இப்போது காசு. நகரத்திலிருந்து புல்மோட்டைக்குப் போய்வர 110 கிலோமீற்றர் வரும். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 ஓடினால் ஏறக்குறைய இரண்டரை லீற்றர் பெற்றோல், ஒரு சாப்பாடு, டேட்டா, அரை நாள். செய்திக்கு இவ்வளவு என்று நீங்கள் தரும் தொகையை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெற்றோல் காசுக்கே பற்றாது என்றால் அந்தச் செய்தி எப்படி வருகிறது? யாரோ வாகனம் தந்திருப்பார்கள். தந்தவர் அரசியல்வாதியாக இருப்பார், அல்லது ஒப்பந்தக்காரர். செய்தி யார் பக்கம் சாய்ந்து வரும் என்பதை உங்கள் கஞ்சத்தனம்தான் தீர்மானித்திருக்கிறது. பயணச் செலவைச் செய்திக் கொடுப்பனவிலிருந்து பிரித்து, கிலோமீற்றர் கணக்கில் தாருங்கள். போய் வெறுங்கையோடு வந்தாலும் தாருங்கள். வதந்தி பொய் என்று உறுதி செய்துகொண்டு வருவதும் வேலைதான்.

‘நீங்கள் சுயாதீன செய்தியாளர், எங்கள் ஊழியர் இல்லை’ என்ற பதிலை நன்றாகப் பழகிவிட்டோம். நேரம் குறித்து, வேலை ஏவி, விடுமுறைக்கு அனுமதி கேட்க வைத்து, மாதாமாதம் பணம் தருகிறவரைத் தொழில் நியாயசபை எப்படிப் பார்க்கும் என்று உங்கள் சட்டத்தரணியைக் கேளுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் துண்டு வேலைக் கணக்கில் ஊதியம் பெறும் ஊழியரையும் உள்ளடக்குகிறது: ஊழியர் 8 வீதம், தொழில்வழங்குநர் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம், அது தொழில்வழங்குநரின் பையிலிருந்து. சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மத்திய வங்கியின் கணக்கு விபரத்தைப் பார்த்தால் அது தெரிந்துவிடும், பார்க்கச் சொல்லி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டில் இருந்து நடத்துகிறவர்களுக்கு இலங்கையில் பதிவே இல்லாமல், உறவினர் ஒருவரின் கணக்கினூடாகப் பணம் வருவதும் உண்டு. பிரச்சினை வந்தால் யார் மீது முறையிடுவது? அந்த உறவினர் மீதா?

நியமனக் கடிதம் இல்லாவிட்டால் சம்பளத்தோடு முடிவதில்லை. அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டைக்கு நிறுவனம் உறுதிப்படுத்த வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் கடிதம் தர மறந்தால் அந்த ஆண்டு முழுக்க மாவட்டச் செயலகக் கூட்டத்திலும் ஆர்ப்பாட்டத்திலும் நாங்கள் வெறும் கைப்பேசிக்காரர்கள். உங்கள் தளம் அச்சடித்துத் தரும் நெகிழி அட்டையைச் சோதனைச் சாவடியில் காட்டினால் என்ன மரியாதை கிடைக்கும் என்று நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி இந்த ஊரில் அதிகம் பேசத் தேவையில்லை. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டதை மறுத்து, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிய படங்களை எடுத்தவர் சுடர் ஒளி நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி காலை அவரும் இதே நகரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். எவருக்கும் தண்டனை இல்லை. இன்றைய நிலை அன்றைய நிலை அல்ல; இன்று வருவது தொலைபேசி அழைப்பு, வாக்குமூலத்துக்கான கடிதம், இணையப் பதிவுகளின் மேல் பாயும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அழைப்பு வந்ததும் செய்தியாளர் முதலில் கேட்பது ‘நான் எழுதியதற்கா, தலைப்புக்கா?’ என்பதுதான். அந்த நேரத்தில் நிறுவனத்தின் தொலைபேசி வேலை செய்ய வேண்டும். செய்தியாளர் அனுப்பிய மூலப் பிரதி, நேரத்துடன், சேமித்திருக்க வேண்டும். பெயர் சொல்லி அனுப்பக்கூடிய சட்டத்தரணி ஒருவர் திருகோணமலையிலேயே முன்கூட்டிப் பேசி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை வாக்குமூலம் காத்திருக்காது. வெளியிட்டது ஆசிரியபீடம் என்று எழுத்தில் ஒரு கடிதம் அன்றே வர வேண்டும். ஆர்ப்பாட்டப் படங்களில் சாதாரண மக்களின் முகங்களை மறைக்கச் சொன்னால் மறைத்துவிட்டு ஏற்ற வேண்டும். ‘முகம் தெரியாவிட்டால் படம் எடுபடாது’ என்ற பதிலை இனிமேலும் கேட்க விரும்பவில்லை.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. சேமலாப நிதிக்கும் சட்டத்தரணிக்கும் நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும், விளங்குகிறது. ஆனால் தனிப் பயனர் கணக்குகளும் வேளை அட்டவணையும் ஒரு பின்னேர வேலை. எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வெளியிடும் பொறுப்பு யாரிடம், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்று ஒரு தாளில் எழுதி மாதத் தொடக்கத்தில் எங்களுக்கு அனுப்புங்கள். இரவு வேளைக்கும் பெயர் இருக்க வேண்டும். அந்த இலக்கம் இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்பட வேண்டும். மழைக்காலம் ஒக்டோபர் கடைசியில் தொடங்கிவிடும். முதல் அட்டவணை அதற்கு முன் எங்கள் கைக்கு வர வேண்டும். அட்டவணை வராத தளங்களுக்கு மழைக்காலத்தில் படமும் எண்ணும் அனுப்புவதில்லை என்று எங்களில் பலர் முடிவெடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்திலிருந்து எழுதும் செய்தியாளர்கள்